குட்டிகளுக்கு வீடு இல்லையென்றால் கருத்தடைக்கு நாள் குறித்துவிடு

தங்கச்சி, வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வந்தால் முதல் மாதம் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரிதான். என்ன சாப்பாடு போடுவது, எப்போது குளிப்பாட்டுவது, பூச்சி மருந்து எத்தனை நாளைக்கு ஒரு தடவை. கருத்தடை ஆபரேஷனைப் பற்றி அப்போது கேட்பவர்கள் குறைவு. ஏழெட்டு மாதம் போய், கேட்டுக்கு வெளியே நாலு கடுவன் நாய்கள் வந்து படுத்த பிறகுதான் போன் வரும்: "அக்கா, இவளுக்கு ஹீட் வந்துடுச்சு, இப்ப என்ன பண்றது?" இணை சேரும் அந்தப் பருவத்தில் கதவைச் சாத்தி வைப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் குட்டி மடியில் அடங்குகிற வயதிலேயே இதைப் பேசிவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறக்கப்போகும் குட்டிகள் அத்தனைக்கும் கடைசிவரை ஒரு வீடு இருக்கும் என்று உன்னால் உறுதியாகச் சொல்ல முடியாதா? அப்படியானால் ஆபரேஷன் செய்துவிடு. பெட்டையானாலும் கடுவனானாலும், நாட்டு நாயானாலும் லேப்ரடாரானாலும், பூனையானாலும் இதுதான். எந்த வயதில் செய்வது என்பது மட்டும் ஒவ்வொன்றுக்கும் மாறும். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

குட்டிகள் எங்கே போகின்றன?

நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பூனைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஜனவரியில் பிறந்த ஒரு பெட்டைப் பூனைக்குட்டி, கவனிக்காமல் விட்டால், அந்த வருஷம் தீபாவளிக்குள் தாயாகிவிடும். அதன் பெண் குட்டிகள் அடுத்த சித்திரை, வைகாசிக்குள் குட்டி போட்டுவிடும். இதற்கு நடுவே தாயும் சும்மா இருக்காது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாகும். நம் ஊர்ப் பகல் வெளிச்சத்துக்கு அதற்கு ஆண்டு முழுக்கப் பருவம்தான்.

"குட்டி போட்டா குடுத்துடலாம்க்கா, கேட்டு வெச்சிருக்காங்க" என்பார்கள். கேட்டு வைத்தவர்கள் வந்து தூக்கிப் பார்ப்பார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள், கொழுகொழுவென்று இருக்கிற இரண்டு ஆண் குட்டிகளை எடுத்துக்கொண்டு போவார்கள். "பெட்டையா? வேண்டாம்மா" என்று சொல்லிவிடுவார்கள். மிஞ்சுகிற பெட்டைக் குட்டிகளை என்ன செய்வது? கோயில் வாசலிலும் கறிக்கடைப் பக்கத்திலும் மார்க்கெட் ஓரத்திலும் அட்டைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போவது இப்படித்தான் நடக்கிறது. விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. "அங்கே சாப்பாடு கிடைக்கும்" என்று நம்பித்தான் விடுகிறார்கள். ஆனால் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்போதுதான் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி குறைய ஆரம்பிக்கும். தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ நோய் பிடித்தால் வாந்தியும் ரத்தப்பேதியுமாக இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். தப்பிப் பிழைத்தால் வண்டிச் சக்கரம் இருக்கிறது. அதிலும் தப்பிய பெட்டை ஒரு வருஷத்துக்குள் தெருவில் தானே குட்டி போடும்.

தெரு நாய்த் தொல்லை என்று ஊரே பேசுகிறது. அந்த நாய்களில் ஒரு பங்கு நம் வீட்டுப் படியிறங்கிப் போனவைதான். கொல்லாமல், கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடும் முறையை நாட்டுக்கு முன்னால் யோசித்தது நம் சென்னை. ப்ளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே அதைத் தொடங்கியது. 1990களின் நடுவில் மாநகராட்சியும் ஏற்றுக்கொண்டது. 2001இல் அது நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. 2023இல் வந்த புதிய விதி இன்னும் தெளிவு: தெரு நாய்க்குப் பொறுப்பு உள்ளாட்சி, வளர்ப்புப் பிராணியின் தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் கருத்தடைக்கும் பொறுப்பு வளர்ப்பவர். மாநகராட்சி ஒரு பக்கம் ஆபரேஷன் செய்துகொண்டே இருக்க, நாம் இன்னொரு பக்கம் குட்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த வேலை எந்தக் காலத்திலும் முடியாது.

"நம்மளது ஆண் நாய்தானே, நமக்கென்ன?" என்பது அடுத்த பேச்சு. பெட்டை வாடை காற்றில் வந்தால் கடுவன் சாப்பிடாது, தூங்காது, காம்பவுண்டைத் தாண்டும். தாண்டிய ராத்திரி யாரோடு சண்டை போட்டது, எந்த வண்டியில் அடிபட இருந்தது, எதுவும் உனக்குத் தெரியாது. இதில் ஒரு நோயை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தெரு நாய்களிடையே இணை சேரும்போது பரவுகிற ஒரு புற்றுநோய் இருக்கிறது. நோயுள்ள நாயின் புற்றுச் செல்களே அடுத்த நாயின் பிறப்புறுப்பில் ஒட்டிக்கொண்டு வளரும். காலிஃபிளவர் மாதிரி சதை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். பலர் அதை ஹீட் என்றோ சிறுநீர்க் கோளாறு என்றோ நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நல்ல வேளையாக, வாரம் ஒரு முறை போடுகிற கீமோ ஊசியில் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் கருத்தடை செய்து வீட்டோடு இருக்கிற நாய்க்கு அந்த அவதி எதற்கு?

கருப்பையில் சீழ்

பெட்டை நாய் வைத்திருக்கிறவள் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

ஒவ்வொரு ஹீட் முடிந்ததும், சினையானாலும் ஆகாவிட்டாலும், நாயின் உடம்பில் சினைக்கான ஹார்மோன் இரண்டு மாதம் வரை சுரந்துகொண்டிருக்கும். கருப்பையின் உள்சுவர் தடிக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படியே தடித்துத் தடித்து, ஏதோ ஒரு தடவை கிருமி உள்ளே புகுந்தால் அது வெளியேற வழியில்லாமல் சீழாகிவிடும். பயோமெட்ரா என்பார்கள். ஸ்வீடனில் நாய்களின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துக் கணக்கெடுத்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் நாலைந்தில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருந்தது. அபூர்வ நோய் என்று நினைத்துவிடாதே.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒன்பது வயது பொமரேனியன். நல்ல கவனிப்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஒரு சித்திரை மாதம் அது கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. வெயில் என்று நினைத்தார்கள். அடிக்கடி சிறுநீர் போனது. தண்ணீர் குடித்தால் போகத்தானே செய்யும் என்றார்கள். வயிறு கொஞ்சம் உப்பலாக இருந்தது. வயசாயிடுச்சு, சதை போட்டிருக்கிறது என்றார்கள். வாந்தி எடுத்துச் சாப்பாட்டை ஒதுக்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் எடுத்த கருப்பையை எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து காட்டினார். அந்த அளவு நாய்க்குச் சுண்டு விரல் பருமன்கூட இருக்க வேண்டியதில்லாத உறுப்பு, என் மணிக்கட்டுப் பருமனுக்கு வீங்கி, இரண்டு கொம்பாகப் பிரிந்து, தட்டு நிறையக் கிடந்தது. நாய் பிழைத்தது. ஆனால் இளவயதில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷனை, ஒன்பது வயதில், காய்ச்சலோடு, ரத்தத்தில் விஷம் கலந்த நிலையில் செய்ய வேண்டியதாகிவிட்டது.

ஹீட் முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குள் உன் பெட்டை நாய் வழக்கத்தை விட அதிகம் தண்ணீர் குடித்தால், மந்தமாக இருந்தால், வாந்தி எடுத்தால், பின்பக்கம் சீழோ துர்நாற்றமோ இருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போ. சில நாய்களுக்குக் கருப்பை வாய் மூடிக்கொண்டு வெளியே ஒரு சொட்டுக்கூட வராது. அந்த வகைதான் இன்னும் ஆபத்து.

மார்புக் கட்டியும் இதோடு சேர்ந்தது. 1969இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள்: முதல் ஹீட்டுக்கு முன்னால் கருத்தடை செய்த நாய்க்கு மார்புக் கட்டி வரும் அபாயம், செய்யாத நாயோடு ஒப்பிட்டால் 0.5 சதவீதம்தான், ஒரு ஹீட் ஆன பிறகு செய்தால் 8 சதவீதம், இரண்டுக்குப் பிறகு 26 சதவீதம். அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதையும் தெரிந்துகொள். ஆனால் சீக்கிரம் செய்வது நல்லது என்ற பக்கம்தான் பெரும்பாலான டாக்டர்கள் நிற்கிறார்கள். பூனைக்கு மார்பில் கட்டி வந்தால் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுநோய்தான். அதனால் பூனை விஷயத்தில் தயங்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஹீட் வராமல் நிறுத்துகிற ஊசி, கலைக்கிற ஊசி என்று கேட்டுப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. "ஆபரேஷன் எதுக்கு, ஒரு ஊசி போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஹீட்டை நிறுத்தப் போடுகிற அந்த ஹார்மோன் ஊசிகள் இதே கருப்பைச் சீழையும் மார்பு வீக்கத்தையும் வரவழைக்கக் கூடியவை.

எந்த வயதில்?

பூனைக்கு நாலு மாதம் முடிந்து ஐந்தாவது மாதம் நிறைவதற்குள். தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும், உடம்பு தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டைப் பூனை ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு தரையில் உருள ஆரம்பித்துவிட்டால் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்று வலி என்று சிலர் பயந்துபோய்த் தூக்கி வருவார்கள். கடுவன் பூனையை அது சுவரெல்லாம் சிறுநீர் தெளிக்கப் பழகுவதற்கு முன்னால் செய்துவிடு. பழகிய பிறகு செய்தாலும் பெரும்பாலும் குறைந்துவிடும், ஆனால் சிலவற்றுக்குப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

நாட்டு நாய், பொமரேனியன், பக், டாஷண்ட் மாதிரி சின்ன, நடுத்தர நாய்களுக்கு ஆறு மாதத்தை ஒட்டி, முதல் ஹீட்டுக்கு முன்னால்.

பெரிய ஜாதி நாய்களுக்குத்தான் அவசரப்படக் கூடாது. லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் இவற்றின் எலும்பு வளர்ச்சி முடிய ஒரு வருஷத்துக்கு மேலாகும். வளர்ச்சியை எப்போது நிறுத்துவது என்று எலும்புக்குச் சொல்வதே, கருத்தடையால் நின்றுபோகிற பாலியல் ஹார்மோன்கள்தான். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கோல்டன் ரிட்ரீவரிலும், 2020இல் 35 ஜாதிகளிலும் பார்த்தார்கள். பல பெரிய ஜாதிகளில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தவற்றுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுப் பிரச்சினை கூடுதலாக இருந்தது. சின்ன ஜாதிகளில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. அதனால் பெரிய நாய்க்கு ஒரு வயது, ஒன்றரை வயது வரை பொறுக்கலாம். உன் நாயின் ஜாதியைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு முடிவு செய். ஆனால் பொறுத்திருக்கிற அந்த மாதங்களில் கதவும் கயிறும் உன் பொறுப்பு. தனியாக மொட்டை மாடிக்குக்கூட அனுப்பாதே.

பலர் ஏமாறுவது எந்த இடத்தில் தெரியுமா? நாய்க்கு ஹீட் மூன்று வாரம் ஓடும். முதல் வாரம் ரத்தம் நன்றாகத் தெரியும், அப்போது கடுவனைக் கிட்டே சேர்க்காது, உறுமும். இரண்டாவது வாரம் ரத்தம் வெளிறி நின்றுபோகும். "அப்பாடா, முடிஞ்சுது" என்று அவிழ்த்து விடுவார்கள். அவள் கடுவனை ஏற்கிற நாட்களே அப்போதுதான் தொடங்குகின்றன. மூன்று வாரமும் முழுசாக முடிகிற வரை கயிறு கையில் இருக்கட்டும்.

ஹீட் வந்துவிட்டால் அந்த நேரத்தில் ஆபரேஷன் வேண்டாம். கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், ரத்தக்கசிவு ஆகலாம். முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள். குட்டி போட்டுவிட்டதா? குட்டிகள் பால் மறந்து, தாயின் மடி வற்றிய பிறகு செய்.

கடுவனுக்கு ஒரு விதை மட்டும் கீழே இறங்கியிருந்தால் அலட்சியம் வேண்டாம். வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விதையில் கட்டி வருகிற அபாயம் அதிகம். விதை இறங்காத அந்தக் குறை பரம்பரையாகவும் வரும். அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால்

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. செலவு குறைவு, ஆனால் காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். தனியார் கிளினிக் என்றால் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வராதே. மயக்கம் ஊசியில் கொடுப்பார்களா, கேஸ் மயக்கமா? டாக்டர் தையல் போடும்போது மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் இருப்பாரா? வலி ஊசி அந்தத் தொகையில் அடக்கமா? நன்றாகக் கண் விழித்த பிறகுதான் அனுப்புவார்களா? இதையெல்லாம் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தப் பரிசோதனையை "எதுக்கு வீண் செலவு" என்று தள்ளாதே. நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் நம் நாய்களிடம் சர்வசாதாரணம். வெளியே ஒன்றும் தெரியாது, வாலாட்டும், சாப்பிடும். உள்ளே ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. தட்டணு எண்ணிக்கை, ரத்தச்சோகை, கல்லீரல், சிறுநீரகம், இவ்வளவும் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துத் தேறிய பிறகு நாள் குறிக்கலாம். போகிற வாரம் காது இடுக்கு, கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே உண்ணி இருக்கிறதா என்று நீயே விரலால் தடவிப் பார்.

வளர்ந்த நாய், பூனைக்கு முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிடு. தண்ணீரை எப்போது எடுப்பது என்று டாக்டர் சொல்வார். நாலைந்து மாதக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். அதற்குச் சில மணி நேரம்தான், டாக்டரைக் கேட்டுக்கொள். காலையில் பாவமாகப் பார்க்கிறதே என்று பாட்டியோ பிள்ளைகளோ ஒரு பிஸ்கட் போட்டுவிடுவார்கள். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வை. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் தின்றுவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடு, வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பூனையைக் கட்டாயம் கூடையிலோ கேரியரிலோ வைத்துக் கொண்டுபோ. மடியில் வைத்து ஆட்டோவில் போய், ஹாரன் சத்தத்துக்குத் துள்ளி ஓடிக் காணாமல்போன பூனைகள் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ராத்திரி கட்டில், சோபா எதிலும் ஏற்றாதே. மயக்கம் தெளியாமல் குதித்து விழும். தரையில் பழைய போர்வை விரித்து, ஃபேன் நேராக அடிக்காத மூலையில் படுக்க வை. நன்றாக விழித்த பிறகு கொஞ்சம் தண்ணீர். அது வாந்தி எடுக்காமல் தங்கினால் வழக்கத்தில் பாதிச் சாப்பாடு. அவ்வப்போது உதட்டைத் தூக்கி ஈறைப் பார். இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்துப் போயிருந்தால், காயத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால், வயிறு உப்பினால், மறுநாளும் எழுந்திருக்காமல் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதே.

கழுத்தில் மாட்டுகிற கோன் பத்து நாளிலிருந்து பதினாலு நாள் வரை. "பாவம், முட்டிக்கிட்டு நிக்குது" என்று ஒரு மணி நேரம் கழற்றினால் போதும், தையலை நக்கிப் பிரித்துவிடும். கோனை ஒத்துக்கொள்ளாத பெட்டைக்குக் குழந்தை ஜப்லாவையோ பழைய டீ-ஷர்ட்டையோ நாலு கால் ஓட்டை வைத்து மாட்டிவிடலாம். தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் தையலைப் போனில் ஒரு படம் எடுத்து வை. நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் சிவப்பு கூடுகிறதா, வீக்கம் வடிகிறதா என்று உடனே தெரியும். டாக்டருக்கு அனுப்பவும் உதவும்.

காயத்தில் மஞ்சள் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், வேப்பிலைச் சாறும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள். திறந்த காயத்தில் ஈ முட்டை வைத்தால் இரண்டு நாளில் புழு வந்துவிடும். அந்தப் பதினாலு நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. குளியல் கிடையாது, மாடிப்படி கிடையாது, பந்து விளையாட்டு கிடையாது.

இதை அழுத்திச் சொல்கிறேன்: நம் மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதே. குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரையில் உயிர் போய்விடும். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகம் பாழ்.

கடுவனுக்குச் செய்த மறுநாளே "இனி பயமில்லை" என்று விட்டுவிடாதே. ஏற்கெனவே குழாயில் தங்கிய விந்து ஒரு மாதம் வரை குட்டி தரலாம். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், ஆஸ்பத்திரி வாடையோடு வருகிற பூனையைப் பார்த்துச் சீறும். ஒன்றிரண்டு நாள் வேறு அறையில் வை, சரியாகிவிடும்.

பிறகு எடை. கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவை குறையும், பசி கூடும். முன்பு போட்ட அளவில் கால் பங்கைக் குறைத்துவிடு. பால்சாதம், மாரி பிஸ்கட், ஆளாளுக்குத் தட்டிலிருந்து போடுகிற துண்டு, இவைதான் குண்டாக்குகின்றன. ஆபரேஷன்மேல் பழி போய்விடுகிறது. விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் அளவு.

வீட்டில் கேட்கிற கேள்விகள்

"அவளும் ஒரு பொண்ணுதானே, ஒரு தடவையாவது தாயாகட்டுமே" என்று அம்மா சொல்வாள். அது அன்பில் வருகிற பேச்சு, தட்டிப் பேசாதே. ஒரு ஈற்று குட்டி போட்டால் நாயின் ஆரோக்கியம் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது என்று எடுத்துச் சொல். தாய்மைக்காக நாய் ஏங்குவதில்லை. பருவம் வந்தால் உடம்பு இழுக்கிறது, பருவம் இல்லாவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிறது. இன்னொரு பக்கம், பிறந்த குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தத் தாய் நாலு நாள் வீடு முழுக்கத் தேடுவதை நாம்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"காவல் காக்காது" என்பார் அப்பா. காவல் புத்தி ஜாதியிலும் வளர்ப்பிலும் வருவது. அது போகாது. அதே மாதிரி, பயத்தில் கடிக்கிற நாயும் ஓயாமல் குரைக்கிற நாயும் ஆபரேஷனால் மட்டும் திருந்தாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

"ஆரோக்கியமான உறுப்பை வெட்டி எடுப்பது நியாயமா?" என்பது யோசித்துக் கேட்கிற கேள்வி. நார்வேயில் தக்க காரணம் இல்லாமல் ஆரோக்கியமான பிராணியின் உறுப்பை எடுப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. அங்கே தெருவில் சொந்தக்காரன் இல்லாத நாய் சுற்றுவதில்லை. நம் தெருவும் அப்படி இருந்தால் நானும் வேறு மாதிரி பேசலாம். கெடுதலே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். சில பெட்டைகளுக்கு, அதிலும் பெரிய நாய்களுக்கு, வருஷங்கள் கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. எந்த மயக்கத்திலும் சிறிய அபாயம் உண்டு. இதையும் அந்தச் சீழ் பிடித்த கருப்பையையும் தராசில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி நம் மண்ணின் நாய்களை வம்சம் கெடாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. ஆனால் அது பொழுதுபோக்கு இல்லை, விதி இருக்கிறது. 2017இன் மத்திய விதிப்படி இனப்பெருக்கம் செய்பவர் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்ப வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "பக்கத்து வீட்டு லேப் அழகா இருக்கு, ஒரு தடவை கிராஸ் பண்ணிக்கலாம்" என்பது அந்தக் கணக்கில் வராது.

தடுப்பூசி அட்டையை எடு. பிறந்த தேதியைப் பார்த்து மாதத்தை எண்ணு. அடுத்த ஊசிக்குப் போகும்போதே ஆபரேஷனுக்கு எப்போது வரலாம் என்று டாக்டரைக் கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள். உன் வீட்டு வாசலில் தினமும் சோறு சாப்பிடுகிற தெருப் பெட்டை ஒன்று இருக்குமே, அதன் காதைக் கவனி. நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது. இல்லாவிட்டால், சென்னையில் இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு, வேறு ஊரில் இருந்தால் உன் நகராட்சிக்குச் சொல்லு. பிடிக்க வருகிற அன்று நீ பக்கத்தில் இரு. உன் குரலுக்குத்தான் அது பயப்படாமல் வரும்.